பூனைக்குப் புறமுதுகு காட்டியவர்

"என் கைக்குக் குனியாத தலை உலகத்துல கிடையாது. என் தலை எவன் கைக்கும் குனிஞ்சதும் கிடையாது."

எங்கள் தெரு சலூன்காரர் தம் நாற்காலியில் உட்கார்ந்த ஒவ்வொருவருக்கும் இந்தப் பிரகடனத்தை வாசித்துவிட்டுத்தான் கத்தரியை எடுப்பார். இதுவரை யாரும் மறுத்துப் பேசியதில்லை. பிடரியில் கத்தி இருக்கும்போது வாதம் செய்ய யாருக்குத் துணிவு வரும்?

முதல் பாதிக்கு ஆதாரம் ஏராளம். பின்னாலிருந்து சத்தமில்லாமல் ஒரு கை வரும். இரண்டு விரல் பின்மண்டையில் லேசாகப் படும். அவ்வளவுதான், நீதிபதியும் குனிவார், குத்துச்சண்டைக்காரரும் குனிவார். மகள் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாருக்குக்கூட வளைந்துகொடுக்காத அவருடைய மாமனாரே இந்த இரண்டு விரலுக்கு வளைந்தார் என்பது குடும்ப வரலாறு. கட்டட உரிமையாளர் ஒருவர்தான் விதிவிலக்கு. அவர் தலையில் வெட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. சவரத்துக்கு மட்டும் வருவார். சவரத்துக்குத் தலை நிமிரத்தான் வேண்டும் என்பதால் அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இரண்டாம் பாதிக்கும் ஆதாரம் உண்டு. தம் முடியைத் தாமே வெட்டிக்கொள்வார். முன்னால் ஒரு கண்ணாடி, பின்னால் ஒரு கண்ணாடி. பிடரி முடி எப்போதும் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கியிருக்கும். அதை நாங்கள் அவரிடம் சொன்னதில்லை. காரணம் மேலே சொன்னதுதான்.

இப்படிப்பட்டவருக்குச் சோதனை சலூனின் பின்வாசல் வழியாக வந்தது. அங்கே பழைய தண்ணீர் மோட்டார் ஷெட் ஒன்று இருந்தது. அதை இடித்துவிட்டு இரண்டு கடை கட்டலாம் என்று உரிமையாளர் தீர்மானித்தார். சுத்தியலோடு உள்ளே போன ஆள் போன வேகத்தில் வெளியே வந்தார். உள்ளே ஒரு சாம்பல் நிறப் பூனை மூன்று குட்டிகளோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. மனிதக் கை படாமலே வளர்ந்த பூனை அது. அது சீறியதைக் கேட்டு, கேஸ் கசிகிறது என்று நினைத்தாராம்.

சலூன்காரரின் மச்சினி, அதாவது மனைவியின் தங்கை, கால்நடை மருத்துவமனையில் நர்ஸ். கூண்டு கொண்டுவருகிறேன், அதுவரை யாரும் கிட்டே போகவேண்டாம் என்று போனில் சொன்னாள். சலூன்காரருக்குச் சிரிப்பு வந்தது. கூண்டெல்லாம் எதற்கு? பூனைக்கும் தலை ஒன்றுதானே? சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஷெட்டுக்குள் போனார். தொழில்முறைப்படி பின்னாலிருந்து, மேலிருந்து, இரண்டு விரலை நீட்டினார்.

அதன் பிறகு சலூன் சில நாள் மூடியிருந்தது. கதவில் 'வெளியூர்ப் பயணம்' என்று அட்டை தொங்கியது. வெளியூர் என்றது, கட்டுப் போட்டு ஊசி குத்தும் இடத்தை.

"மாமா, பின்னாலேர்ந்து மேலேர்ந்து வர்ற கைன்னா அதுக்குக் கழுகு. உங்க கஸ்டமர் மாதிரி கண்ணாடி பார்த்துக்கிட்டு உட்காருமா?" என்று மச்சினி கேட்டாள்.

மீன் வைத்த கூண்டில் தாயும் குட்டிகளும் சிக்கின. மருத்துவமனையில் தாய்க்குக் கருத்தடை செய்து, அதற்கு அடையாளமாகக் காது நுனியைக் கொஞ்சம் வெட்டினார்கள். இப்படிப்பட்ட பெரிய பூனையைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விட்டுவிடுவதுதான் வழக்கம். ஆனால் பிடித்த இடம் இப்போது செங்கல் குவியலாகக் கிடந்தது. மிஞ்சியது நெடுஞ்சாலை ஓரத்துக் கிடங்கு ஒன்றுதான். எலி பிடிக்கப் பூனை வேண்டும் என்று அங்கே எப்போதும் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஏன் எப்போதும் கேட்கிறார்கள் என்று யோசித்தால் விஷயம் விளங்கிவிடும். கிடங்கு வாசலில் இரவும் பகலும் லாரி.

சலூன்காரர் போய் உரிமையாளரிடம் பேசினார். கடித்த பூனைக்காகக் கட்டுப்போட்ட கையை நீட்டி வாதாடியவரை அன்றுதான் அந்தக் கட்டடம் முதன்முதலாகப் பார்த்தது. பின்னறையில் வைத்துப் பழக்கிக்கொள்ளலாம், ஆனால் கடைக்கால் தோண்டும் அன்று நானே வந்து பார்ப்பேன் என்றார் உரிமையாளர். "ஒரு மனுஷன் பக்கத்துல அது சும்மா உட்காரட்டும், போதும். இல்லைன்னா காட்டு மிருகத்துக்கு என் கட்டடத்துல இடமில்லை."

குட்டிகள் சீக்கிரம் வழிக்கு வந்தன. முடி வெட்டும்போது போர்த்தும் துணியில் ஒவ்வொன்றாகச் சுற்றி, நெஞ்சோடு அணைத்து, அரைத்த கறியைக் கரண்டி நுனியில் நீட்டினார். முதலில் கரண்டியைத் திட்டின, பிறகு நக்கின. காய்ந்த சவர பிரஷ்ஷால் நெற்றியை வருடச் சொன்னாள் மச்சினி, தாயின் நாக்கு போலவே இருக்குமாம். வருடினார். கொஞ்ச நேரம் விறைத்துக் கிடந்த குட்டி ஒன்று திடீரென்று உள்ளங்கையில் மோட்டார் போட்டதுபோல் அதிர ஆரம்பித்தது. முந்தின வாரம் உலகத்தையே கிழிக்கப் பார்த்த பிராணி கண்ணை மூடிக்கொண்டது. அன்று சாயங்காலம் அவர் மூன்று பேருக்கு முடி வெட்டினார். பிரகடனத்தை யாருக்கும் வாசிக்கவில்லை. உடம்பு சரியில்லையோ என்று தெருவே விசாரித்தது.

குட்டிகள் மூன்றும் நல்ல வீடுகளுக்குப் போயின. ஒன்று நீதிபதி வீட்டுக்கு. மிஞ்சியது தாய்.

எந்த மாப்பிள்ளையும் தன் தரத்துக்குப் போதாதவர் என்கிற பார்வை பார்த்ததால், அதற்கு 'மாமியார்' என்று மச்சினி பெயர் வைத்தாள். எங்கம்மாவையா சொல்றே என்று அக்கா சண்டைக்கு வர, எனக்கும் அவங்கதானே அம்மா, முகத்தைப் பார்த்துட்டுச் சொல்லு என்றாள் தங்கை. அக்கா போய்ப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தாள். அன்றிலிருந்து அந்தப் பூனைக்கு மரியாதைப் பன்மைதான். நானும் மீற விரும்பவில்லை.

மாமியார் பின்னறைப் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து வரவே மாட்டார். சலூன்காரர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து கொஞ்சினார், கெஞ்சினார், கறி நீட்டினார். இருட்டிலிருந்து இரண்டு கண் பார்க்கும். இவரும் பதிலுக்குப் பார்ப்பார். உடனே சீறல் வரும். நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மச்சினி கூண்டைத் துடைத்து வாசலோரம் வைத்துவிட்டுப் போனாள்.

கூண்டைப் பார்த்த அன்று அவருக்கு மனசு விட்டுப்போனது. கொஞ்சுவதை நிறுத்திவிட்டு, முடியாவது வெட்டிக்கொள்வோம் என்று பின்னறைச் சுவரில் சாய்த்து வைத்திருந்த கண்ணாடி முன் தரையில் உட்கார்ந்தார். முதுகுப் பக்கம் காலொடிந்த பழைய சலூன் நாற்காலி. கத்தரியைத் தூக்கியவர் அப்படியே நிறுத்திக்கொண்டார்.

கண்ணாடியில் மாமியார் வந்துகொண்டிருந்தார்.

ஒரு காலைத் தூக்கி, வைக்கலாமா என்று தரையிடமே அனுமதி கேட்பதுபோல் நின்று, பிறகு வைத்தார். இன்னொரு கால். சலூன்காரர் திரும்பினார். பெட்டிகளுக்குப் பின்னால் வால் மறைந்தது.

வாழ்நாள் முழுக்க மனிதர்களைக் கண்ணாடியில் பார்த்தே பேசியவருக்கு இது உறைக்க இத்தனை நாள் பிடித்தது. நேருக்கு நேர் பார்ப்பது அந்த ஜாதி உயிருக்குச் சண்டைக்கு அழைப்பு. முதுகைக் காட்டினால்தான் சமாதானம். முதுகில் புண்பட்டவனை வீரன் கணக்கிலேயே சேர்க்காத மொழியில் பிறந்தவர், மறுநாள் முதல் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு ஒரு பூனைக்குப் புறமுதுகு காட்டி உட்காரலானார். தாழ்ந்த குரலில் செய்தித்தாள் வாசித்தார். தலையங்கத்துக்கு மாமியார் பெட்டியை விட்டு வந்தார். விளையாட்டுச் செய்திக்குப் பாதி அறையைக் கடந்தார். காலமானோர் பக்கத்துக்கு நாற்காலி அடிவரை வந்து உட்கார்ந்து, முழுவதையும் கேட்டார்.

நான் ஒருநாள் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன். கிண்டலுக்கு விஷயம் தேடித்தான் போனேன். உள்ளே ஒரு மனிதரின் முதுகு, அதை நோக்கி அங்குலம் அங்குலமாக நீளும் ஒரு சாம்பல் மூக்கு. பிறந்தது முதல் ஓடிக்கொண்டிருந்த ஓர் உயிர், ஓடாமல் இருந்தால் என்ன ஆகும் என்று தானே முடிவெடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் மூச்சுவிடவில்லை. நானும் விடவில்லை என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. கிண்டலை அங்கேயே மறந்து வைத்துவிட்டு வந்தேன்.

கடைக்கால் நாள் வந்தது. உரிமையாளர் மத்தியானம் வந்தார். மச்சினி கூண்டைக் கையில் வைத்திருந்தாள். அவள் கதவை ஒரு விரல் அகலம் திறந்தாள். வெளியே மண்வெட்டிச் சத்தம். உள்ளே செய்தித்தாள் சத்தம், வழக்கத்தைவிட மெல்லிய குரலில். பெட்டிகளுக்குப் பின்னால் யாரும் இல்லை. நாற்காலி அடியிலும் இல்லை.

"போயிடுச்சா?" என்றார் உரிமையாளர்.

மச்சினி அவர் கையைத் தொட்டு மேலே காட்டினாள்.

எத்தனையோ தலை குனிந்த அந்தப் பழைய நாற்காலியின் இருக்கையில் மாமியார் நின்றுகொண்டிருந்தார். அவருக்குக் கீழே, தரையில் உட்கார்ந்திருந்த சலூன்காரரின் பிடரி. மாமியார் அதைப் பின்னாலிருந்து, மேலிருந்து, முகர்ந்து பார்த்தார். ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியிருந்த அந்த முடியைக் கொஞ்ச நேரம் பரிசீலித்தார். அப்புறம் ஒரு முன்னங்காலை அவர் பின்மண்டையில் வைத்து, நக்கிச் சீர்செய்ய ஆரம்பித்தார்.

செய்தித்தாள் மடியில் நழுவியது. கண்ணாடியில் சலூன்காரரின் கண்கள் மூடியிருந்தன. தழும்பு மறையாத கை முழங்காலில் அசையாமல் விரிந்து கிடந்தது. தலை மெல்லக் குனிந்தது.

உரிமையாளர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். மச்சினியிடமிருந்து கூண்டை வாங்கிக்கொண்டு, சத்தம் வராமல் நடந்து போனார்.

உள்ளே மாமியார் நிறுத்தவில்லை. கழுத்தோர முடி அவருக்குச் சரியாக எட்டவில்லை. சலூன்காரர், தாடை நெஞ்சில் முட்டும்வரை, இன்னும் கொஞ்சம் குனிந்துகொடுத்தார்.