குட்டைக் கம்பு

கீழக்குயில்குடிக் கண்மாய்க் கரையில் நின்று, நண்பன் செல்வம் புதிதாக வாங்கிய தூண்டிலை வீசிப் பார்த்தேன். புழுவுக்குப் பதில் முள்ளில் இறகு கட்டியிருந்தது. ஒவ்வொரு வீச்சிலும் நூல் என் கழுத்தையே சுற்றியது.

"மாப்ள, இது குட்டைக் கம்பு, வெயிட்டே கிடையாது. தோளத் தூக்கி அடிக்காத, மணிக்கட்ட மட்டும் அசை. எம்புட்டு வீசினாலும் தூரம் போகாது. நீதான் கிட்டப் போகணும்."

மணிக்கட்டை அசைத்தேன். விசுக்கென்று காற்று கிழிந்தது. என் முதுகு தானாகக் குறுகியது.

அப்பாவின் மூங்கில் தூண்டில் இரண்டு ஆள் நீளம். குடித்துவிட்டு வந்தால், பேரையூர் வீட்டு வாசலில் நின்றபடியே அடுப்படியில் இருக்கும் அம்மாவை அதைக்கொண்டு விளாசுவார். முள் சதையில் மாட்டினால் சுண்டி இழுப்பார். அம்மாவின் கை அவரை எட்டவே எட்டாது.

ஒருநாள் கம்பு உத்தரத்தில் மோதி முறிந்தது. ஆத்திரம் அடங்காமல், கையில் மிஞ்சிய துண்டோடு அடுப்படிக்குள் பாய்ந்தார்.

"இப்ப எங்கடி ஓடுவ?"

அதுவரை அவரை "வாங்க" என்றே அழைத்த அம்மா, "வாடா" என்றாள். அம்மிக்குழவி அவர் வலக்கையில் இறங்கியது. விரல்கள் நொறுங்கிய சத்தம் வாசலில் நின்ற எனக்குக் கேட்டது.

அந்தத் துண்டை அடுப்பில் சொருகித்தான் அம்மா அன்று சோறாக்கினாள். அப்பா அதை இடக்கையால் தின்றார். சாகும்வரை அப்படித்தான் தின்றார்.

"என்ன மாப்ள நிக்கிற? இன்னும் கிட்டப் போ."

கம்பைச் செல்வத்திடம் கொடுத்துவிட்டு, என் விரல்களை மெல்ல மடக்கி நீட்டிப் பார்த்தேன்.