பூஜையில் வைத்த போன்

என்னைப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஆக்கியது என் தகுதி அல்ல, என் மேசை. தீயணைப்பு சிலிண்டர் அதற்குப் பின்னால்தான் தொங்குகிறது. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஒருவரை அந்தப் பொறுப்பில் வைத்தாக வேண்டும் என்று சட்டம் வந்ததும், எங்கள் முதலாளி ஆபீசை ஒரு சுற்றுப் பார்த்தார், சிலிண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நீங்கதான்மா சரி,” என்றார். கிள்ளான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கண்டெய்னர் ஏற்றுகிற லோரிக் கம்பெனி அது. நான் அங்கே கணக்கும் சம்பளமும் பார்க்கிறவள்.

பூச்சோங்கில் ஒரு ஹோட்டலில் பயிற்சி. காலை முழுக்க ஹெல்மெட், ஏணி, பாதுகாப்புச் சப்பாத்து. சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப் பேருக்குக் கண் சொருகிக்கொண்டிருந்தபோது, பயிற்சி கொடுத்த மலாய்க்காரப் பெண், ஊழியர்களின் மனநலமும் முதலாளியின் கடமையில் சேரும் என்று சொன்னார். எனக்குத் தூக்கம் போய்விட்டது. வழுக்குகிற தரையில் மஞ்சள் பலகை வைக்கலாம். மனசுக்கு எந்தப் பலகையை எங்கே வைப்பது? கையைத் தூக்கிக் கேட்டேன். “ஆட்களிடம் பேசுங்கள். வேலையில் எது அவர்களை வருத்துகிறது என்று கண்டுபிடித்து முதலாளியிடம் சொல்லுங்கள். நடைமுறையில் இயன்ற அளவுக்கு அவர் அதைக் குறைக்க வேண்டும்,” என்றார். இயன்ற அளவு என்பது எந்த அளவு, அதை யார் முடிவு செய்வது என்று கேட்பதற்குள் கோப்பியும் கறிப்பாப்பும் வந்துவிட்டன. கூட்டம் எழுந்துவிட்டது.

அரைகுறையாகப் புரிந்ததை வைத்துக்கொண்டு ஆபீசில் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். “எனக்கு ஸ்ட்ரெஸ்ஸே நீங்கதான் அக்கா, மெடிக்கல் கிளேம் லேட் பண்றீங்கல்ல,” என்றார் ஒரு டிரைவர். நல்லவேளை, இதோடு முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன். 

அன்று மாலை அவர் வந்தார். எந்த லோரி எந்தக் கண்டெய்னரை எடுக்க வேண்டும் என்று ஆள் பிரித்து அனுப்புகிறவர். துறைமுகம், வாடிக்கையாளர், டிரைவர் எல்லோரும் கூப்பிடுவது அவர் கையில் இருக்கும் ஆபீஸ் போனைத்தான். வேலை முடிந்ததும் அது அவரோடு மோட்டார் சைக்கிளில் காப்பாரில் இருக்கிற அவர் வீட்டுக்குப் போகும். மறுநாள் அவரோடு திரும்பி வரும். நல்ல வாய்க்காரர், யாரையும் கிண்டலடிக்காமல் விடமாட்டார். அவர் என் மேசைக்கு முன்னால் வாய் திறக்காமல் நின்றதே எனக்குப் பயமாக இருந்தது.

“அக்கா, இன்னிக்கு நீங்க கேட்டது சும்மாவா, இல்ல உண்மையாவா?”

“உண்மையாத்தான் தம்பி.”

“போன் அடிச்சா கை நடுங்குது. அடிக்காட்டி இன்னும் மோசம், எப்ப அடிக்கும்னு காத்துக்கிட்டே இருக்கேன். காலையில வரும்போது வழியில மோட்டாரை ஓரமா நிறுத்திட்டு உக்காந்திடுறேன். வர முடியல. வீட்டுல யாருக்கும் தெரியாது. என் பொண்டாட்டிகிட்ட சொன்னா அழுவா.”

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வேலை முடிந்த பிறகு அந்தப் போன் தன்னிடம் இருக்கக் கூடாது. தன் பெயரைச் சொல்லாமல் முதலாளியிடம் நான் இதைப் பேச வேண்டும்.

பெயரைச் சொல்லவில்லை. “நம்ம ஆள் ஒருத்தருக்கு” என்றுதான் ஆரம்பித்தேன். ஆனால் இருபத்து நாலு மணி நேரமும் போன் பிடிக்கிறவர் எங்கள் கம்பெனியில் ஒருவர்தானே. முதலாளியின் முகம் மாறிவிட்டது. கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. “அவனா? பாவம்மா. நம்ம புள்ள மாதிரி அவன்,” என்றார். சட்டம், கடமை, போன் என்று நான் மனப்பாடம் செய்து வந்ததை எல்லாம் கொட்டினேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். “சொல்லிட்டீங்கல்ல, நான் பார்த்துக்கிறேன். கடமையில ஒரு குறையும் வைக்க மாட்டேன்,” என்றார். வெளியே வந்தபோது எனக்கே என்மேல் மரியாதை வந்திருந்தது.

பிறகு ஆயுத பூஜை வந்தது. அதுவரை போன் அவரோடு வீட்டுக்குப் போய் வந்துகொண்டுதான் இருந்தது. லோரிகளைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஆபீசுக்குள் சாமி படத்துக்கு முன்னால் லோரிச் சாவிகள், ஸ்பானர்கள், ரப்பர் முத்திரை, என் கால்குலேட்டர். நடுவில், சந்தனமும் குங்குமமும் வைத்த அந்தப் போன். முதலாளியே கேட்டு வாங்கி வைத்தாராம். எனக்கு அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை.

அர்ச்சனைக்கு நேரம் வந்தது. கம்பெனி பெயரைச் சொன்னதும் முதலாளி குருக்களை நிறுத்தினார். “சாமி, இந்தப் புள்ளைக்குத் தனியா ஒரு அர்ச்சனை. கொஞ்ச நாளா மனசு சரியில்ல, பயப்படுறான். நல்லா வேண்டிக்குங்க.” பெயரைச் சொன்னார், நட்சத்திரத்தையும் சொன்னார். டிரைவர்கள், கிளீனர்கள், பட்டறை ஆட்கள் எல்லோரும் திரும்பி அந்தத் தம்பியைப் பார்த்தார்கள். நட்சத்திரம் இவருக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தபோதே வாசலில் தம்பியின் மனைவி நிற்பதைக் கண்டேன். கையில் பூத்தட்டு, கண்ணெல்லாம் சிவப்பு. முதலாளி அவளுக்குப் போன் போட்டுத்தான் கேட்டிருக்கிறார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இப்படி ஊரைக் கூட்டிச் சொல்லவா நான் வாயைத் திறந்தேன்? ஏதாவது சொல்லிவிட வேண்டும் என்று முதலாளி பக்கம் போனேன். அவர் கை கூப்பி நின்றிருந்தார், மூடிய கண்ணோரத்தில் ஈரம். என்னைப் பார்த்ததும் மெல்லச் சொன்னார்: “அவனுக்காகக் காலையிலேருந்து விரதம்மா. பச்சைத் தண்ணிகூட குடிக்கல.” என் கோபம் அப்படியே நட்டநடுவில் நின்றுபோனது. தனக்காகப் பட்டினி கிடக்கிற முதலாளி எத்தனை பேருக்குக் கிடைப்பார்? ஒருவரின் அந்தரங்கத்தை இப்படி லோரி யார்டில் போட்டு உடைக்கிற முதலாளியும் எத்தனை பேருக்குக் கிடைப்பார்? இரண்டும் ஒரே ஆள், ஒரே வெள்ளை வேட்டி. திட்டுவதா, கும்பிடுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

தீபம் காட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. சாவிகளுக்கு நடுவில் கிடந்து அதிர்ந்தது. தம்பியின் முகம் வெளுத்தது. முதலாளி சிரித்த முகத்தோடு அவர் முதுகைத் தட்டினார். “எடுத்துப் பேசுப்பா. அர்ச்சனை பண்ணியாச்சு, இனிமே ஒண்ணும் ஆகாது.”

அவர் கையை நீட்டினார். அப்போது என் வாயிலிருந்து என்னையும் மீறி வந்தது: “தொடாதீங்க தம்பி!”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“பூஜையில வச்ச சாமானை எடுக்கக் கூடாதுல்ல பாஸ். லோரி ஓடல, ஸ்பானரைத் தொடல. போனுக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்? நாளைக்கு விஜயதசமி, காலையில பூஜை முடிச்சுத்தானே எடுக்கணும்?”

நான் பெரிய பக்தை இல்லை. பத்துமலைக்குப் போனால் கீழேயே நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். ஆனால் குருக்கள் “அதுதான் முறை” என்று தலையசைத்துவிட்டார். முதலாளியால் மறுக்க முடியவில்லை. போன் அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. நாங்கள் பொங்கலும் சுண்டலும் சாப்பிட்டோம். அவர் மனைவி அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து அவர் தட்டில் சுண்டலை அள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் மன்னிப்புக் கேட்பதா, ஆறுதல் சொல்வதா என்று அதுவும் எனக்குப் புரியவில்லை. ஆபீசைப் பூட்டும்போதும் உள்ளே போன் அடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை பூஜை முடிந்தது. அவரவர் சாவியை எடுத்துக்கொண்டார்கள். போன் மட்டும் கிடந்தது. “எடுப்பா,” என்றார் முதலாளி. அவர் குனிந்தார். போன் அடிக்கக்கூட இல்லை. ஆனாலும் கை நடுங்கியது, சந்தனம் காய்ந்த அந்தக் கறுப்புப் பெட்டிக்கு மேலேயே நின்று நடுங்கியது. நேற்று வரை சொல்லாகக் கேட்டதை முதலாளி இப்போதுதான் கண்ணால் பார்த்தார். போனை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அறைக்குள் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் அந்தத் தம்பி என் மேசைக்கு வந்தார். “அக்கா, என்னை வேலைய விட்டு நிறுத்திட்டாங்களா?”

நான் நினைத்தே பார்க்காத கேள்வி. போனை எடுத்துவிட்டால் அவர் பிழைப்பார் என்றுதான் நினைத்தேனே தவிர, போன் இல்லாவிட்டால் தான் யார் என்று அவர் நடுங்குவார் என்று நினைக்கவில்லை. “இல்ல தம்பி,” என்று சொல்லிவிட்டு, அது உண்மையா என்று தெரிந்துகொள்ள முதலாளி அறைக்கு ஓடினேன்.

முதலாளி போனில் யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தார். கையால் அதைப் பொத்திக்கொண்டு நான் கேட்டதைக் காதில் வாங்கினார். “நிறுத்துறதா? யாரு சொன்னா? அவன் இல்லாட்டி ஒரு லோரி நகராதும்மா. பகல்ல அவன் பேசட்டும், அதுவும் கை நடுக்கம் நின்ன பிறகு. இன்னிக்கே அவனை டாக்டர்கிட்ட அனுப்புங்க. வேலை முடிஞ்ச பிறகு போன் என்கிட்ட இருக்கும்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “எல்லார் முன்னாடியும் சொன்னது தப்பாம்மா?”

“ஆமா பாஸ்,” என்றேன்.

அவர் தலை குனிந்தார். கையிலிருந்த போன் “ஹலோ, ஹலோ” என்றது.

திரும்பி வந்து எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டார். சந்தோஷப்படுவார் என்று காத்திருந்தேன். முதலாளி அறையில் போன் மறுபடி அடித்தது. அவர் கை தன்னால் சட்டைப் பைக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாமல் நின்றது.

“அப்போ பாஸ் தூங்க வேணாமா அக்கா?” என்று கேட்டார். “அவரை யாரு பார்ப்பா?”

பயிற்சியில் கொடுத்த புத்தகம் என் இழுப்பறையில்தான் இருந்தது. நான் அதைத் திறக்கவில்லை. “தெரியலையே தம்பி,” என்றேன்.