வாசலில் வைத்த குடம்

என் கணவர் தினமும் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போய் வேலை பார்த்தார். சொன்னால் பெரிய சமாசாரம் போலத் தோன்றும். சிங்கப்பூரில் நியூட்டன் ஸ்டேஷனில் ரயிலேறி, வடக்கே கடலோரத்தில் இறங்கி, நீராவிப் படகில் அந்தச் சின்னக் கடலைத் தாண்டினால் ஜொகூர், அவ்வளவுதான். இந்தக் கரையில் வெள்ளைக்காரன் ஆட்சி, அந்தக் கரையில் சுல்தான் ஆட்சி. துணிக்கடை வாசலில் தையல் இயந்திரம் மிதிப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

அங்கேயே குடிபோயிருக்கலாம். நான்தான் மாட்டேன் என்றேன். பழகிய மருத்துவச்சி இங்கே தேக்காவில் இருந்தாள். சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் ஒற்றை அறையானாலும் எங்களுக்கென்று ஓர் அறை இருந்தது. மகள் பிறந்ததும் அதில்தான்.

அவருக்கு ஒரு கெட்ட பழக்கம். கால் கழுவமாட்டார். வாசலில் குடம் நிறையத் தண்ணீர் வைத்திருப்பேன். அதைத் தாண்டி, ரயில் கரியும் மாட்டுச் சாணமும் ஒட்டிய காலோடு நேரே வந்து பிள்ளையைத் தூக்குவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“கடல் தாண்டி வர்றீங்க. என்னத்த ஒட்டிக்கிட்டு வர்றீங்களோ. பச்சப்புள்ள இருக்கிற இடம், கழுவிட்டு வாங்க.”

“கடல்லயே கழுவிட்டுத்தான் வர்றேன், போ” என்பார்.

அந்த வருஷம் ஜொகூர்ப் பக்கம் வாந்திபேதி என்றார்கள். முதலில் வெறும் பேச்சாகத்தான் வந்தது. படகுத்துறையில் கடலை விற்பவனைக் காணோம் என்று ஒருநாள் சொன்னார். இன்னொரு நாள், ரயிலில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வந்தேன் என்று சொல்லிச் சிரித்தார். உட்கார இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே வருகிற பெட்டி அது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு படகிலிருந்து இறங்குகிறவர்களை டாக்டர் நிறுத்திப் பார்க்க ஆரம்பித்தார். ஒருவருக்கு நோய் கண்டாலும் படகில் வந்த எல்லோரையும் நோயாளிகளை ஒதுக்கி வைக்கிற தீவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று சந்தில் பேசிக்கொண்டார்கள். பொழுது சாய்ந்தாலே அடுப்புக்கும் வாசலுக்குமாக நடப்பேன்.

“கொஞ்ச நாளைக்குப் போகாதீங்க” என்றேன்.

“நானா கடையத் தொறந்து வச்சிருக்காரு. நான் போகலேன்னா யாரு தைக்கிறது?”

நானா என்று நாங்கள் கூப்பிட்டது கடை முதலாளியை. நாகப்பட்டினத்துப் பக்கத்து முஸ்லிம். இவரோடு அதே ரயிலில், அதே படகில் போய் வருகிறவர்.

ஒரு மாலை வாசலில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அவர் கால் கழுவிக்கொண்டிருந்தார். அப்புறம் கையைக் கழுவினார். மறுபடியும் காலை. குடம் தீரும் வரை கழுவிக்கொண்டே இருந்தார்.

“உள்ள வாங்க.”

“வரல. நீயும் வெளிய வராத.”

படகில் நன்றாக இருந்த நானா, டாக்டரைத் தாண்டி வந்த நானா, ரயில் புக்கிட் தீமா ஸ்டேஷனை நெருங்கும்போது இவர் மடியிலேயே வாந்தி எடுத்துச் சாய்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றும்போது பேச்சு இல்லையாம்.

“அந்தக் குடத்த உள்ள எடுக்காத” என்று சொல்லிவிட்டு எதிரிலிருந்த மாட்டு வண்டிக் கொட்டகைக்குப் போய்விட்டார்.

இலையில் சோறு கட்டிச் சாக்கடை ஓரத்தில் வைத்துவிட்டு வருவேன். நான் உள்ளே வந்த பிறகு எடுத்துப்போவார். சாப்பிட்டு முடித்ததும் வெறும் இலையைத் தூக்கிக் காட்டுவார். நான் ஜன்னலில் பிள்ளையைக் காட்டுவேன்.

“ஒங்கம்மாகிட்ட சொல்லு, அப்பா கால் கழுவிட்டேன்னு” என்று அங்கிருந்தே அவளோடு பேசுவார். தெருவே கேட்கும். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வரும்.

அப்படி இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் காலையில் வைத்த சோறு மத்தியானம் வரை அங்கேயே கிடந்தது. காக்கைகள் இலையைக் கிழித்துக்கொண்டிருந்தன. பிள்ளையைப் பக்கத்து அறைக்காரியிடம் கொடுத்துவிட்டுத் தெருவைத் தாண்டினேன். கொட்டகையில் மாடுகள்தான் நின்றன.

“விடியறதுக்கு முன்னயே போயிட்டாரும்மா” என்றார் வண்டிக்காரர். “ஒடம்புக்கு முடியல. ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டுறேன்னேன். வேணாம்னு நடந்தே போயிட்டாரு. ஒங்க வாசல் பக்கமா வராம, அந்தப் பக்கமாச் சுத்திக்கிட்டுப் போனாரு.”

ஆஸ்பத்திரியில் அவரை எனக்குக் காட்டவில்லை. நோய்க்குப் பயந்து அவர்களே அடக்கம் செய்துவிட்டார்கள். எந்த இடம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்போது கடலையே தூர்த்து ஜொகூருக்குப் பாதை போட்டுவிட்டார்கள். படகு கிடையாது. என் மகளுக்கே பிள்ளைகள் பிறந்து, ஜாலான் புசார் தெருச் சேற்றை மிதித்துக்கொண்டு ஓடிவந்து என் பாயில் ஏறுகிறார்கள். மகள் அதட்டுவாள். நான் மட்டும் அவர் போன பிறகு யாரையும் கால் கழுவிவிட்டு உள்ளே வரச் சொன்னதில்லை.