பதினோரு விநாடி

ஒலிநாடாச் சுருளை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்கிறார். புளித்த வாடை அடித்தால் தனியே எடுத்து வைக்கிறார். “இது சீக்காளி. பக்குவமாத்தான் பாட வைக்கணும்.”

அவர் சர்வதேசக் கலைவிழா அரங்கின் ஒலிப்பதிவாளர். எல்லோருக்கும் ‘நாடா அண்ணன்’. எழுபது வயதில், ஐம்பது ஆண்டு விழாப் பதிவுகளையும் கணினிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார். பாராட்டினால் முகம் சுண்டிப்போகிறது. “பட்டனை அமுக்கினவன்தானே நான், விடுங்க.” அடக்கம் என்றே நினைத்தேன்.

அவரைப் பற்றி எழுதுவதற்காக நான் அங்கிருந்தபோது ஓர் அம்மாள் வந்தார். இரண்டாம் ஆண்டு விழாவில், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடப் பெண்கள் சேர்ந்து பாடினார்கள். முன்பாட்டு பாடியவர் இவருடைய தாய். அந்தப் பதிவைத் தரச் சொல்லி இவர் வருஷம் தவறாமல் வருவாராம். “பூஞ்சை புடிச்சுப் போச்சும்மா” என்று அண்ணனும் வருஷம் தவறாமல் சொல்வாராம்.

“அம்மா போயி மூணு மாசம் ஆச்சுண்ணே. கெட்டுப்போன நாடாவையாவது குடுங்க, வச்சுக்கறேன்.”

அண்ணன் நாடாவைத் துடைத்துக்கொண்டிருந்த பஞ்சைக் கீழே வைத்தார்.

“கெட்டுப் போகலம்மா. நான்தான் அழிச்சேன். அன்னிக்கு வெளிநாட்டு வாத்தியக்குழு கடைசியா இன்னொண்ணு வாசிச்சாங்க. கைவசம் வேற நாடா இல்ல. உங்கம்மா பாட்டு மேலயே அதப் பதிஞ்சுட்டேன்.”

அந்த வாசிப்புதான் இசைத்தட்டாக வெளிவந்து விழாவுக்கு உலகப் பெயர் வாங்கித் தந்தது. வாசல் சுவரில் அதன் அட்டைப்படம் ஆளுயரத்துக்குத் தொங்குகிறது.

“எங்கம்மா பாட்டுதான் கெடச்சுதா?”

“சலவைக்கூடத்துப் பொம்பளைங்க பாட்டுதானேன்னு நெனச்சுட்டேன். யாரும் சொல்லல. நானாத்தான் செஞ்சேன்.” தலை நிமிரவில்லை. “வெளிநாட்டுக்காரங்க சீக்கிரமே முடிச்சுட்டாங்க. நாடா கடைசியில உங்கம்மா குரல் பதினோரு விநாடி தப்பிச்சு நிக்குது.”

“இத்தன வருஷமா தெரியுமா?”

“தெரியும். போட்டுக் காட்டினா என் வண்டவாளம் வெளிய வந்துருமேன்னு...”

“அம்மா இருந்தப்பவே ஒரு தடவ போட்டிருக்கலாமேண்ணே.”

அண்ணன் அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு சுருளை எடுத்து மாட்டி, ஹெட்போனை அம்மாளிடம் நீட்டினார். அம்மாள் கண்ணை மூடிக் கேட்டார். நாடா ஓடி முடிந்தது.

“இன்னொரு தடவ.”

இந்த முறை அவர் ஹெட்போனின் ஒரு பக்கத்தை மட்டும் காதில் வைத்துக்கொண்டு, மறுபக்கத்தை அண்ணன் பக்கம் நீட்டினார். அண்ணன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரோடு ஒட்டி நின்றுகொண்டார்.