வெளியே வராத குண்டு

1987 நவம்பர் 10, செவ்வாய்க்கிழமை, காலை பத்து இருபது. வெளியே தூறல், ஏழு டிகிரி. லண்டன் மனோர் பார்க்கில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்து, ஒருவருடைய அகதி விண்ணப்பத்துக்கான வாக்குமூலத்தை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் முப்பத்தொரு வருடம் கணிதம் படிப்பித்தவன் நான். அதுவரை நாற்பத்திரண்டு பேருக்கு எழுதிக் கொடுத்திருந்தேன்.

நாற்பத்துமூன்றாவது ஆள் பிளேஸ்டோவில் அறை எடுத்திருந்த லொறிச் சாரதி. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் கொழும்பில் காத்திருந்தார்கள். விண்ணப்பம் தள்ளுபடியானால் அவர் திரும்பிப் போகவேண்டும். காற்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டி, சட்டைப் பொத்தான் அளவில் ஒரு தழும்பைக் காட்டினார்.

"இதாலை போன குண்டு எங்காலை வெளியிலை வந்தது?"

"வெளியிலை வரேல்லை, மாஸ்டர். லொறியிலை ஏறேக்கை எங்கையோ தூரத்திலை வெடி கேட்டது. பிறகு கால் சுட்டது."

"அப்ப ஒரு ஓட்டைதானோ?"

"ஓம், ஒண்டுதான்."

அடிமட்டம் வைத்து அளந்தேன். பத்து மில்லிமீற்றர். காலைத் திருப்பியும் பார்த்தேன், பின்னால் ஒன்றுமில்லை. என் மனதுக்குக் கணக்கு இடித்தது. உள்ளே போனது வெளியே வரவேண்டாமா? அதிகாரியும் இதையே கேட்டு, பொய் என்று தள்ளிவிட்டால்? அவருடைய நன்மைக்குத்தானே என்று, அவரிடம் சொல்லாமலே, 'பின்பக்கத்தால் வெளியேறியது' என ஒரு வரி சேர்த்தேன். அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. என்னை நம்பிக் கையெழுத்து வைத்தார். அது உள்துறை அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தும்விட்டது.

மூன்று வாரம் கழித்து அவருடைய சட்டத்தரணி, ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, எங்கள் இருவரையும் அழைத்தார். பரிசோதித்த டொக்டர் ஒரே ஒரு தழும்பு என்று எழுதியிருந்தார். ஒரு வரி பிழையானால் மிச்ச வரிகளையும் நம்பமாட்டார்கள் என்றார் சட்டத்தரணி. நான் அதைத் தமிழில் சொன்னேன்.

"நான் அப்பிடிச் சொல்லேல்லையே, மாஸ்டர்" என்றார் சாரதி.

அடுத்த நாளே நூலகத்துக்குப் போனேன். குண்டு ஏன் வெளியே வராது என்று தேடினேன். ஓர் அமெரிக்க வேட்டைச் சஞ்சிகை கிடைத்தது. கொயோட்டி என்று ஒரு விலங்கு, நரிக்கும் ஓநாய்க்கும் இடைப்பட்டது. அதன் தோலை விற்பார்களாம். இரண்டு ஓட்டை விழுந்தால் விலை குறையும். ஆகவே குண்டின் மூக்கை மென்மையாகவோ குழியாகவோ செய்கிறார்கள். பட்டதும் அது காளான்போல் விரிந்து, வேகம் இழந்து, உள்ளேயே தங்கிவிடும். தோலுக்கு இவ்வளவு கவனமா என்று விளங்காமல் மூன்று தரம் வாசித்தேன். ஆனால் விடை கிடைத்துவிட்டதே! படத்துடன் நாலு பக்கம் எழுதி, சாரதியையும் கூட்டிக்கொண்டு சட்டத்தரணியிடம் ஓடினேன்.

சட்டத்தரணி வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். சாரதியைக் கொயோட்டி என்று நினைத்தா சுட்டார்கள் என்று கேட்டார். பிறகு புதிதாக எடுத்த எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். எலும்புக்குப் பக்கத்தில் குண்டு முழுசாக இருந்தது. விரியவே இல்லை. தூரத்திலிருந்து வந்து வேகம் ஓய்ந்து நின்ற குண்டு என்பது டொக்டரின் அபிப்பிராயம்.

தூரம்! முதல் நாளே சாரதி சொன்ன அந்தச் சொல்லை, தேவையில்லை என்று நான்தான் எழுதாமல் விட்டிருந்தேன்.

சாரதி சிரித்தார். "நரிக்கு எழுதினதை எனக்குத் தந்திட்டியளோ, மாஸ்டர்? போனது, வரேல்லை. அவ்வளவும்தானே நான் சொன்னது."

அந்த வரி என்னுடையது என்று சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்தேன். பதினான்கு மாதத்தின் பின் அவர் இங்கே தங்க அனுமதி வந்தது. என் வரி இல்லாவிட்டால் எத்தனை மாதம் என்று கேட்டேன். சட்டத்தரணிக்கும் தெரியவில்லை. அதன்பின் எழுதிய அறுபத்தொரு பேருக்கும், கணக்கு இடித்தாலும், சொன்னதையே எழுதினேன். சாரதி சொன்ன உண்மையைவிட நான் கட்டிய பொய் எனக்கு ஏன் சரியாகப் பட்டது என்பது இன்றுவரை விளங்கவில்லை. அந்தப் பொய்யால் அவருக்கு ஆன செலவு பிள்ளைகளைக் காணாத எத்தனை மாதமோ, எனக்கு பஸ், பிரதி, சத்தியக் கடதாசி எல்லாம் சேர்த்து ஆனது பதினொரு பவுண்ட் நாற்பது பென்ஸ் மட்டும்.