வேர்க்கும் பாறைக்குப் பதில் வந்துவிட்டது, மேடம்

விழுப்புரம் ரயில் நிலையத்தில் திண்டிவனம் வண்டிக்காக நின்றிருந்தேன். எஸ்தர் மேடம் போய்விட்டார் என்று அவர் மகன் போனில் சொன்னான். வண்டி வந்தது, போனது. நான் ஏறவில்லை.

திண்டிவனத்தில் எங்கள் கல்லூரியில் அவர் நிலவியல் நடத்தியதை அறிந்தவர்களுக்குக் கரும்பலகையின் வலது மூலை நினைவிருக்கும். தனக்குப் பதில் தெரியாத கேள்வியை, கேட்டவரின் பெயரோடு அங்கே எழுதிவைப்பார். பதில் வந்தால்தான் அழிக்கலாம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், "தெரியலன்னு சொன்னா பிள்ளைங்க மதிப்பாங்களா மேடம்?" என்று கேட்டேன். "தெரிஞ்ச மாதிரி நடிச்சாதான் சார் மதிக்க மாட்டாங்க. அதுங்க என்ன லேசுப்பட்டதுங்களா?" என்று சிரித்தார்.

அவர் ஓய்வு பெற்ற ஆண்டில், முகையூர்ப் பக்கத்து மாணவி கலைவாணி வகுப்பில் எழுந்தாள். "மேடம், எங்க ஊரு பாறை மழைக்கு முன்னாடி வேர்த்துக்கினு இருக்கும். ஏன்?"

"உள்ள விரிசல்ல தண்ணி கசியும்மா."

"அப்ப வெயில் நாள்லயும் கசியணுமே மேடம்?"

மேடத்தின் முகம் மலர்ந்துவிட்டது. சாக்பீஸோடு மூலைக்குப் போனார். அந்த ஞாயிறே என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார். பாறை முழுக்க விரலால் தேய்த்து நாக்கில் வைத்துப் பார்த்தார். கல்லைச் சுவைத்துப் பார்ப்பது அவர் வழக்கம். மோர்மிளகாய் காய்ந்துகொண்டிருந்த இடத்தை மட்டும், ஊர்ப் பெண்கள் திட்டுவார்கள் என்று விட்டுவிட்டோம்.

ஓய்வு பெற்ற பிறகும் போன் செய்வார். நலம் விசாரிப்பதற்கு முன்பே கேட்பார்: "பாறை என்ன சொல்லுது சார்?"

அடக்கம் முடிந்து வகுப்புக்குப் போன அன்று கலைவாணி காத்திருந்தாள். "மிளகா காய வைக்கிற பக்கம்தான் சார் வேர்க்குது. வருஷாவருஷம் காய வெச்சு உப்பு ஊறிக்கிச்சு. பாதி எடத்தைத் தண்ணி ஊத்திக் கழுவிக்கினே இருந்தேன். போன வாரம் மழைக்கு முன்னாடி பார்த்தேன், கழுவின எடம் வேர்க்கல. மேடம்கிட்ட நேர்ல சொல்லலாம்னு இருந்தேன் சார்."

மழைநாளில் அடுப்படி உப்பு ஜாடி கசிவதை அறியாத வீடு உண்டா? விட்ட இடத்தில்தான் விடை இருந்திருக்கிறது. மேடம் கேட்டிருந்தால் தலையில் அடித்துக்கொண்டு சிரித்திருப்பார். அந்தச் சிரிப்புக்கு மனம் ஏங்குகிறது. கை தானாகப் போனை எடுத்து, பிறகு கீழே வைத்தது.

அவர் கையெழுத்தில் கல்லூரியில் மிஞ்சியிருந்தது அந்த ஒரு வரிதான். ஆனாலும் அவர் வைத்த விதியாயிற்றே. டஸ்டரைக் கலைவாணியிடம் கொடுத்தேன். அவள் மெதுவாக அழித்தாள்.

அந்த மூலையை நான் வைத்துக்கொண்டேன். இப்போது அங்கே என் கையெழுத்தில், எனக்குப் பதில் தெரியாத ஒரு கேள்வி இருக்கிறது.