மாத்ரியோனாவின் வேட்டை மாளிகை

லேனா ஆற்றங்கரைக் காட்டை ஒட்டிய அந்த ஊரில், மாத்ரியோனாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது ஊரறிந்த சங்கதி. பிறந்த குழந்தையைப் பார்த்து, "அப்பன் மூக்கு, பாவம்" என்று பெற்றவளிடமே சொன்ன புண்ணியவதி. அதனாலேயே வன அலுவலகம் அவளைப் புகைக்காவலுக்கு வைத்தது. கோடையில் தினமும் காலையில் கோபுரத்தில் ஏறி, எங்கே புகைகிறது, காற்று எந்தப் பக்கம் என்று போனில் சொல்ல வேண்டும். இருபத்தெட்டு வருஷம் சொன்னாள். அவர்களும் இருபத்தெட்டு வருஷம் எழுதிக்கொண்டார்கள். அணைத்தார்களா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

அலுவலகச் சுவரில் ஒரு வரைபடம், அதில் ஒரு சிவப்புக் கோடு. கோட்டுக்கு அந்தப்புறம் எரிந்தால் அணைக்கிற செலவு மரத்தின் விலையைவிட அதிகமாம், ஆகவே 'கண்காணிப்பு'. அதாவது, சம்பளம் வாங்கிக்கொண்டு வேடிக்கை பார்ப்பது. முன்பெல்லாம் மழை வந்து அவர்கள் மானத்தைக் காப்பாற்றியது. இப்போதோ பனிக்காலம் முழுக்க மண்ணுக்கடியில் புகைந்து கிடக்கிற தீ, பனி உருகியதும் எழுந்து வந்துவிடுகிறது. ஊரே இருமிக்கொண்டிருந்தது.

அந்த ஆகஸ்டில் தீ மாத்ரியோனாவின் புல்வெளியை நெருங்கியது. ஏழு பசுக்களுக்கு எட்டு மாதக் குளிர்காலத் தீனி அங்கேதான் போர்போராக நின்றது. அந்தப் பாழாய்ப்போன புல்வெளி கோட்டுக்கு அந்தப்புறம். காலையில் வழக்கம்போல முதல் அப்பத்தை வெண்ணெய் தடவி அடுப்புத் தீக்குப் போட்டாள்.

"நாப்பது வருஷமா என் கையால தின்னுருக்க. காட்டுல திரியிற உன் தம்பிகிட்ட சொல்லி வை" என்றாள்.

பிறகு அலுவலகத்து வலேரியானுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, தீ என் புல்லுப்போர்கிட்ட வந்துருச்சு."

"எழுதிக்கிட்டேன்க்கா. மக்களுக்கு ஆபத்தில்ல."

"மாட்டுக்கு?"

"படிவத்துல மாட்டுக்குக் கட்டம் இல்லக்கா."

கிழக்கே இரண்டு கிலோமீட்டரில் புல்வெளி வைத்திருந்த புரோகோப்பி அன்றே அலுவலகத்துக்குப் போன் செய்து கெஞ்சினார், அழக்கூடச் செய்தார். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

மறுநாள் மாத்ரியோனா கோபுரத்திலிருந்து இறங்கி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு போனை எடுத்தாள்.

"தம்பி, என் புல்லுப்போர் பக்கத்துல மேலிடத்துப் பெரியவரோட வேட்டை மாளிகை இருக்குல்ல, அது கூரையில பொறி விழுதுப்பா."

அந்தப் பக்கம் நாற்காலி உருண்ட சத்தம் கேட்டது.

"எந்தப் பெரியவர்க்கா?"

"அதை என் வாயால வேற சொல்லணுமா?"

மத்தியானத்துக்குள் மூன்று விமானம், நாற்பது ஆள், இரண்டு புல்டோசர். இத்தனை நாள் எங்கே படுத்துக் கிடந்தார்களோ! அவள் புல்வெளியைச் சுற்றித் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. மாளிகைதான் யார் கண்ணிலும் படவில்லை. ஆனால் யாருடையது என்று மேலே கேட்கிற தைரியம் எவனுக்கு இருக்கிறது? 'பத்திரமாக உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு நீல வட்டமும் முளைத்தது.

வட்டத்துக்கு வெளியே ஒரு சொட்டு விழவில்லை. புரோகோப்பியின் புல்வெளி சாம்பலானது. முதல் பனி விழுந்ததும் ஒன்பது மாட்டில் எட்டை வெட்டினார். மிஞ்சிய ஒன்றுக்கு மாத்ரியோனா இரண்டு போர் புல் கொண்டுபோய் இறக்கினாள். அவர் நன்றி சொல்லவில்லை.

"உன் பொய்ய இன்னும் ரெண்டு கிலோமீட்டர் நீட்டியிருக்கக் கூடாதா, தாயி?"

மாத்ரியோனா வண்டியைத் திருப்பினாள். வீட்டுக்கு வந்து, அடுப்பு முன்னால் உட்கார்ந்து அழுதாள். அது அன்று தனக்குத் தோன்றவே இல்லையே என்பதுதான் அவளை அறுத்தது.

அடுத்த ஜூனில் அதே மண்ணிலிருந்து மறுபடியும் புகை கிளம்பியது. வலேரியான் தானாகவே கூப்பிட்டான்.

"அக்கா, மாளிகை பத்திரமா இருக்கா?"

"இருக்கு. ஆனா கிழக்கால ரெண்டு கிலோமீட்டர்ல பெரியவரோட குளியல் வீடு இருக்கு, வடக்கால குதிரை லாயம். அப்புறம் நம்ம ஊரைச் சுத்தி அவரு சொந்தக்காரங்க வீடு பதினாலு. ஒவ்வொண்ணா சொல்றேன், எழுதிக்கோ."